குளத்துக்குள் நிற்கும் இரண்டு தூண்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரின் பதில்கள்

சென்ற இதழில் எங்கள் ஊரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். ஊர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய்க் கரையில் மூன்று தெரு, ஒரு குளம், ஒரு சாஸ்தா கோயில். பஸ் நிற்கும், பஸ் பலகையில் ஊர்ப்பெயர் இருக்காது. இந்த ஊருக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பதினேழு வந்திருக்கின்றன. இரண்டில் வசவு. அதில் ஒன்று நியாயமான வசவு.

கேள்வி: உங்கள் ஊரை உருவாக்கிய மன்னர் யார்? கல்வெட்டு ஏதாவது உண்டா?
(வாசகர், சென்னை)

கல்வெட்டு இல்லை. இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ‘அப்படியானால் ஊருக்கு வரலாறே இல்லையா?’ என்று அடுத்த கடிதம் வரும்.

அக்கம்பக்கத்தில் கல்வெட்டுக்குப் பஞ்சமில்லை. இந்த வட்டாரத்துக்குப் பழைய பெயர் முள்ளி நாடு. சேரன்மகாதேவி, சோழர் காலத்தில் நிகரிலி சோழச் சதுர்வேதிமங்கலம். அம்பாசமுத்திரம் அந்நாளில் இளங்கோக்குடி. வரகுண பாண்டியன் அங்குள்ள கோயிலுக்கு 290 காசு கொடுத்ததை வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு எந்த ராஜாவும் ஒரு காசும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் இங்கே யாரும் கல்லில் வெட்டவில்லை.

எங்கள் ஊரை உண்டாக்கியது கால்வாய். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மூன்றாவது எங்களுடையது.

அதை வெட்டியவர் யார் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவர், மலையாள தேசத்து அரசனிடம் பெரும் தானம் வாங்கினார். அதை அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கேட்டபோது ஏமாற்றப்பட்டு, வழக்காடி மீட்டார். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று அகத்தியரைக் கேட்க, ‘ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போ, அது நடந்த வழியில் கால்வாய் வெட்டு, படுத்த இடத்தில் குளம் தோண்டு’ என்றாராம்.

படித்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். முப்பத்து மூன்று வருடம் மட்டம் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேயப் போகிற பசு வீணாக மேடு ஏறாது, வீணாகப் பள்ளம் இறங்காது. சரிவின் குறுக்கே ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகும். கால்வாய் வெட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். முக்காலி போட்டு, கண்ணாடி வைத்து, நாங்கள் நான்கு பேர் நாள் முழுக்கச் செய்கிற வேலையை அது புல் தின்றுகொண்டே செய்திருக்கும்.

கால்வாய்க்கு வடக்கே நெல், தெற்கே பனை. எங்கள் பாலத்தில் நின்று பார்த்தால் நான் சொல்வது தெரியும். வடக்கே ஆறு வரைக்கும் வயல். தெற்கே செம்மண், உடைமுள் காடு, வடலி என்கிற இளம்பனை, அதற்கப்பால் மலை. மண்ணின் நிறம் ஓர் எட்டில் மாறிவிடும்.

கேள்வி: சுற்றிலும் இவ்வளவு வெளி இருக்கும்போது உங்கள் ஊர் வீடுகள் மட்டும் ஏன் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன? எதிரெதிரே இரண்டு பேர் குடை பிடித்து நடக்க முடியாத தெரு!
(வாசகி, தூத்துக்குடி)

குடை விஷயம் உண்மை. என் கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்காரர் பக்கவாட்டில்தான் நடந்தார்.

நீங்கள் வெளி என்று நினைப்பது வெளி அல்ல அம்மா, வயல். கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைகிற நிலம். எங்கள் பக்கம் பழைய ஆட்கள் ஏக்கர் கணக்குச் சொல்ல மாட்டார்கள். ‘மூன்று மரக்கால் விதைப்பாடு’ என்பார்கள். ஒரு மரக்கால் விதைப்பாடு என்றால் ஏறக்குறைய 8 சென்ட். 21 மரக்கால் ஒரு கோட்டை. ஒரு மரக்கால் நெல் தூவுகிற இடத்தில் ஒரு திண்ணை கட்டுவதா என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அதனால் நெல் விளையாத மேட்டைத் தேடி, அதிலேயே அத்தனை பேரும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். வரைபடத்தில் எங்கள் நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், ஒரு பலாக்கொட்டை அளவு. அந்த மேட்டுக்கு இன்னொரு காரணம் வெள்ளம். 1992 நவம்பர் 13 அன்று வந்ததைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்கவில்லை. அதைப் பற்றி நான் சென்ற இதழில் எழுதிய ஒரு வரிக்குத்தான் வசவு வந்திருக்கிறது. பிறகு வருகிறேன்.

இப்போது அந்தக் கணக்கெல்லாம் போயிற்று. வயலில் மனைக்கல் நட்டு, ‘நகர்’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அந்த மழையில், எங்கள் பக்கத்து ‘நகர்’ ஒன்றில் சமையலறைக்குள் கெண்டை மீன் பிடித்தார்கள். மீனைக் குற்றம் சொல்ல முடியாது.

கேள்வி: உங்கள் ஊர்க் குளத்துக்குள் இரண்டு கல்தூண் நின்று, மேலே குறுக்குக் கல் போட்டிருக்கிறது. கட்டபொம்மன் காலத்துத் தூக்குமரம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா அண்ணாச்சி?
(கல்லூரி மாணவர், முக்கூடல்)

நானும் பார்த்தேன் தம்பி. பின்னணி இசையெல்லாம் பயங்கரமாக இருந்தது.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799இல், கயத்தாற்றில், புளியமரத்தில். எங்கள் தூண்களுக்கு நடுவே இடைவெளி இரண்டரை அடி. அதில் யாரையும் தூக்கிலிட முடியாது. கல்யாண வீட்டுக்கு வாழைமரம் கட்டக்கூடக் காணாது. அது மடை. குமிழி மடை என்பார்கள்.

கோடையில் குளம் வற்றியபோது ஒரு முறை இறங்கிப் பார்த்தேன். வெளியே தெரிகிற தூண் பாதிதான். சேற்றுக்கடியில் ஒரு கல்தொட்டி மூடிக் கிடக்கிறது. தொட்டியின் மேல்மூடியில் ஒரு வட்டத் துளை. அது நீரோடித் துளை. அதை அம்மிக் குழவி மாதிரி ஒரு கட்டை அடைத்திருக்கும். கட்டையில் செருகிய கம்பு, தூண்களுக்கு நடுவில் உள்ள குறுக்குக் கல்லின் ஓட்டை வழியே மேலே வரும். கம்பைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் கல் பாவிய பாதை வழியாக வயலுக்குப் போகும். மேலே பார்த்தால் தண்ணீர் குமிழியிட்டுச் சுழலும், பெயர் அதனால்தான். தொட்டியின் அடிப்பக்கத்தில் இன்னும் சிறிய துளைகள் உண்டு, சேறோடித் துளை. தண்ணீர் பாய்கிற வேகத்தில் வண்டலும் அதன் வழியே இழுபட்டுப் போகும். குளமும் தூராது, வயலுக்கும் உரம்.

இதையெல்லாம் யாரும் எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் குறுக்குக் கல் ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். முக்கால் வட்டம் சொரசொரப்பு. கரையைப் பார்த்த பக்கம் மட்டும் வழுவழுப்பு. என் சுண்டுவிரல் அங்கே பதிந்து உட்காருகிறது. கம்பை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்த்து இழுத்த தேய்மானம். மரக்கம்பு கருங்கல்லை ஒரு விரல் அளவு தேய்க்க எத்தனை தலைமுறை இழுத்திருக்க வேண்டும்? கம்பு வராமல் சிக்கிக்கொண்டால், நிறைந்த குளத்தில் மூச்சடக்கி மூழ்கித்தான் விடுவிக்க வேண்டும். மூழ்கியவர் எல்லோரும் திரும்பி வரவில்லை என்று எங்கள் பாட்டி சொல்வாள். வீடியோவில் அந்தத் தம்பி தற்செயலாக ஒரு விஷயத்தில் சரி: அங்கே உயிர் போயிருக்கிறது.

கேள்வி: நான் உங்கள் ஊர் வடக்குத் தெருவில் பிறந்தவன். நான்கு பக்கக் கட்டுரையில் எங்கள் தெருவுக்குக் கிடைத்தது ஒரு வரி: ‘வடக்கே வயல்களுக்கு நடுவில் சில வீடுகள்.’ 1992 வெள்ளத்தைப் பற்றி, ‘ஆறு கால்வாய்க்கரை வரை வந்து நின்றது, எங்கள் தெருவில் செருப்பு நனையவில்லை’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் என்ன நனைந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? நிலம் அளக்கிற உங்கள் சங்கிலி அங்கே வரவே இல்லையா?
(வாசகர், திருப்பூர்)

‘தம்பி’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். வயதில் இளையவராகத்தான் இருப்பீர்கள். ஆனாலும் இந்தக் கடிதத்துக்குத் தம்பி என்று தொடங்கக் கூடாது.

சங்கிலி வந்தது. 1983இல், நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்து, ஏக்கரையும் சென்ட்டையும் ஹெக்டேராகவும் ஏர்ஸாகவும் மாற்றிக்கொண்டிருந்த காலம். உங்கள் தெருவில் 41 வீடுகள். அத்தனையும் என் கையால் வரைந்தவை. ‘சில வீடுகள்’ என்று எழுதியது சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். சோம்பல் இல்லை. மேட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். எழுபது வருடம் மேட்டிலிருந்தே பார்த்துவிட்டேன்.

மேடு நிலத்துக்காரர்களுக்கு. அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு வயல் நடுவே ஒரு திட்டு. சென்ற இதழில் இதை நான் எழுதாமல் விட்டது வரலாற்றைப் பாதி வெட்டியது மாதிரி. 1992இல் அன்று காலை நாங்கள் கால்வாய்க் கரையில் வரிசையாக நின்றோம். வடக்கே ஒரே தண்ணீர். உங்கள் தெருவின் கூரைகள் மட்டும் தெரிந்தன, பிறகு அவையும் எல்லாம் தெரியவில்லை. பனங்கட்டையைக் கட்டி மிதக்கவிட்டு ஆட்களைக் கரையேற்றியவர்கள் உங்கள் தெரு இளைஞர்கள்தான். எங்கள் தெருக்காரர்கள் கயிறு கொடுத்தோம். கயிறு கொடுத்ததை இத்தனை வருடம் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் நீங்கள், சொல்ல வேண்டியவன் நான். அந்த 1983இல் வயல்களை அளக்கும்போது களை பறித்துக்கொண்டிருந்த உங்கள் தெருப் பெண்களிடம் ஒவ்வொரு தடிக்கும், அதாவது ஒவ்வொரு வயல் துண்டுக்கும், பெயர் கேட்டேன். தங்குதடையில்லாமல் வந்தது: குருவிச்செய், கிழவி பங்கு, நண்டுக்கால், வண்ணான் தடி, பேய் உறங்கி. எந்தத் தடியில் தண்ணீர் முதலில் ஏறும், எதில் கால் புதையும், எந்த வரப்பில் பாம்பு என்று எல்லாம் அந்தப் பெயருக்குள் இருந்தது. நிலத்துக்காரர்களைக் கேட்டேன், பாதிப் பேருக்குத் தங்கள் வயலின் பெயரே தெரியவில்லை. புலப்படத்தின் ஓரத்தில் பென்சிலால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

புதிய பதிவேட்டில் எண்ணுக்குக் கட்டம் இருந்தது, உட்பிரிவுக்கு இருந்தது, பரப்புக்கு இருந்தது, தீர்வைக்கு இருந்தது. பெயருக்குக் கட்டம் இல்லை. சுத்த நகல் எடுப்பதற்கு முன் படம் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று ரப்பரால் அழித்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் அழித்தேன். இப்போது எனக்கு ஞாபகம் இருப்பவை மேலே எழுதிய ஐந்து. அன்று கேட்டவை அறுபதுக்குக் குறையாது.

உங்கள் அம்மாவோ சித்தியோ இருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் என் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுக்க ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். உங்கள் பெயரில் வரும்.

கேள்வி: கடலே இல்லாத இடத்தில் அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம், இரவணசமுத்திரம் என்று ஏன் இத்தனை சமுத்திரங்கள்? சீவலப்பேரி, அலங்காரப்பேரி என்பதில் பேரி என்றால் என்ன?
(பிளஸ் டூ மாணவி, ஆலங்குளம்)

சமுத்திரம் என்பது பெரிய குளத்துக்கு வைத்த ஆடம்பரப் பெயர். பேரி என்பது பேரேரி; பெரிய ஏரி என்று பொருள். வாயில் தேய்ந்து ஒரு ‘ரே’ விழுந்துவிட்டது. நாங்குநேரிப் பக்கம் போனால் மறுகால்குறிச்சி இருக்கிறது. மறுகால் என்றால் குளம் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். பத்தமடைகூடப் பத்து மடையிலிருந்து வந்த பெயர் என்றே ஊரில் சொல்கிறார்கள். பரீட்சையில் இதைக் கேட்க மாட்டார்கள், கவலைப்படாதே.

கேள்வி: பத்தமடைப் பாய்க்குக் கோரை உங்கள் ஊரிலிருந்தும் போகிறதா?
(வாசகி, கோவில்பட்டி)

முன்பு போயிற்று. ஆற்றங்கரையில் அறுத்த கோரையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோவார்கள். பட்டுப்பாய்க்கான கோரையைக் கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்காக ஊறப்போடுவார்கள். ஊறிய கோரை நூல் மாதிரி பிரியும். அந்த நாட்களில் எங்கள் படித்துறையில் குளித்தால் உடம்பெல்லாம் பச்சை வாடை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது.

கேள்வி: பங்குனி உத்திரத்தன்று உங்கள் சின்ன ஊரில் மும்பைப் பதிவெண் கொண்ட கார்களைப் பார்த்தேன். என்ன விசேஷம்?
(வாசகர், பாளையங்கோட்டை)

பாளையங்கோட்டைக்காரர் இதைக் கேட்பது ஆச்சரியமாக இருக்கிறது! உங்களுக்கும் எங்காவது ஒரு குளக்கரையில் சாஸ்தா இருப்பார். திருநெல்வேலிச் சீமையில் அநேகமாக எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று எங்கிருந்தாலும் அவரிடம் போக வேண்டும். தங்கள் சாஸ்தா யாரென்று தெரியாமல் போனவர்கள் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனாரிடம் போவார்கள்.

சாஸ்தாக்களின் பெயரைக் கவனியுங்கள். பூலுடையார் என்றால் பூலாச் செடிக்குள் இருப்பவர். அருஞ்சுனை காத்தவர் சுனையைக் காப்பவர். எங்கள் சாஸ்தா குளக்கரை வளைகிற இடத்தில், தண்ணீர் அழுத்தம் அதிகமான மூலையில் உட்கார்ந்திருக்கிறார். கரை எங்கே உடைக்குமோ அங்கே ஒரு காவல். வடக்குத் தெருக்காரர்கள் பொங்கலிடுவது அவருக்கு நேர் கீழே, மடைப் பக்கத்து மாடன் பீடத்தில்.

தாராவியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: ‘எங்கள் தாத்தா வீடு எது?’ சிலருக்குக் காட்டியிருக்கிறேன். பலருக்கு வீடு இருந்த இடத்து நத்தம் எண்ணைத்தான் சொல்ல முடிந்தது. அதையும் போனில் குறித்துக்கொண்டு, அந்த இடத்துக் கருவேலமரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: வெள்ளாங்குளியில் உங்கள் கால்வாயிலிருந்து புதிதாக ஒரு கால்வாய் வெட்டி, எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் தண்ணீர் கொண்டுவருகிறார்களே, உங்கள் ஊர்க்காரர்களுக்கு வயிறு எரியவில்லையா?
(வாசகர், திசையன்விளை)

வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகிற தண்ணீரைக் கருமேனியாறு, நம்பியாற்றோடு இணைக்கத்தான் அந்தக் கால்வாய். 2009இல் தொடங்கிய வேலை. வெள்ளத் தண்ணீர் என்றால் தாராளமாகக் கொண்டுபோங்கள், வண்டி வாடகைகூடக் கேட்க மாட்டோம். கார் சாகுபடித் தண்ணீரில் கை வைத்தால் மட்டும் எரியும். அதைவிட, தேரியின் செம்மணலில் தண்ணீர் எவ்வளவு தூரம் ஓடி எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. தண்ணீர் வந்ததும் ஒரு வரி எழுதுங்கள், வருகிறேன். கருப்பட்டி நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்வேன்.

கேள்வி: எங்கள் மாட்டுத் தொழுவத்தில், தலையில் கூட்டல் குறி வெட்டிய கல் ஒன்று புதைந்திருக்கிறது. மாடு கட்ட வசதி. இப்போது சிமெண்ட் தளம் போடப் போகிறோம். கல்லைப் பிடுங்கிவிடலாமா?
(வாசகி, வீரவநல்லூர்)

கொத்தனார் வந்துவிட்டாரா? வரவில்லை என்றால் முதலில் அவரிடம் சொல்லி வையுங்கள்: தொடக் கூடாது. அது அளவைக் கல். 1923ஆம் வருடத்து நில அளவை, எல்லைகள் சட்டப்படி அதைப் பிடுங்குவது குற்றம். சட்டம் கிடக்கட்டும், உங்கள் வீடு, எதிர்வீடு, பின்னால் உள்ள களம் எல்லாவற்றையும் அந்தக் கல்லில் சங்கிலியின் நுனியை வைத்துத்தான் அளந்திருப்பார்கள். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. கல் ஒரு முழம் நகர்ந்தால் நான்கு குடும்பம் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியதுதான். நடந்தவர்களோடு சாட்சிக்கு நானும் நடந்திருக்கிறேன்.

தளத்தைக் கல்லைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் போடச் சொல்லுங்கள். கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். மாட்டுக்கு வேறு முளை அடியுங்கள். கயிறு இழுத்து இழுத்துக் கல் ஏற்கனவே சாய்ந்திருக்கலாம். அடுத்த வாரம் உங்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். சாப்பாடு முடிந்ததும் வந்து பார்க்கிறேன். தொழுவத்தைக் கூட்டி மட்டும் வையுங்கள்.